நிதி திரட்டும் சைக்கிள் ஓட்டம்: குழுவாக மிதிக்கும் பயிற்சி

நோயாளருக்கோ வைத்தியசாலைக்கோ நிதி திரட்ட ஓடும் நெடுந்தூர சைக்கிள் ஓட்டம் பந்தயம் அல்ல. முதலில் வந்தவருக்குக் கிண்ணம் கிடையாது; கடைசி ஆள் வந்து சேர்ந்தால்தான் ஓட்டம் முடிந்ததாகக் கணக்கு. ஆகவே அதற்கான பயிற்சியில் வேகத்தைவிடக் கூட்டாக ஓடப் பழகுவதே பெரிய பங்கு.

அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் பில்லி ஸ்டார் 1980இல் 36 பேருடன் தொடங்கிய ‘பான்-மாஸ் சேலஞ்ச்’ முதல் ஆண்டில் திரட்டியது 10,200 டொலர். டானா-ஃபார்பர் புற்றுநோய் நிலையத்துக்காக ஆண்டுதோறும் நடக்கும் அந்த ஓட்டத்தின் மொத்த வசூல் இன்று நூறு கோடி டொலருக்கு மேல். இலங்கையில் இதற்கு நெருங்கிய முன்னுதாரணம் ஒரு நடைபயணம்: தெல்லிப்பழை புற்றுநோய் வைத்தியசாலைக்காக 2011 ஜூலையில் தெய்வேந்திரமுனையிலிருந்து பருத்தித்துறை வரை 27 நாட்களில் 670 கிலோமீற்றர் நடந்தார்கள். 2016இல் கராப்பிட்டிய வைத்தியசாலைக்காக அதே நடை வடக்கிலிருந்து தெற்கே போனது.

கிழக்கில் இத்தகைய பயிற்சிக்குக் கிண்ணியா நல்ல இடம். 2009இல் 396 மீற்றர் நீளப் பாலம் திறக்கப்படும் வரை இங்கிருந்து திருகோணமலைக்குப் போகப் ‘பாதை’ எனப்படும் மிதவைப் படகைத்தான் நம்ப வேண்டியிருந்தது. பிறகு மூதூர்ப் பக்கமும் பாதைகளின் இடத்தில் பாலங்கள் வந்தன. இன்று ஏ-15 வீதி வெருகல், வாகரை வழியாக மட்டக்களப்பு வரை இடையூறின்றிப் போகிறது. ஏற்றம் இல்லாத வீதி. மலை இல்லாத குறையைக் காற்று தீர்த்து வைக்கும். ஆண்டின் நடுப்பகுதியில் மேற்கேயிருந்து அடிக்கும் கச்சான், மூதூருக்குப் போகும்போது முதுகில் தள்ளும். திரும்பும்போது நெஞ்சில் நிற்கும்.

குழுவின் பயன் அங்கேதான் தெரிகிறது. முன்னால் போகிறவர் காற்றை உடைப்பதால், பின்சக்கரத்தை ஒட்டி வருபவருக்கு உழைப்பு கால்பங்குக்கு மேல் குறையலாம். எனவே சில நிமிடங்களுக்கு ஒருமுறை முன்னால் போகிறவர் ஒதுங்கி வரிசையின் கடைசிக்கு வர, அடுத்தவர் முன்னே வர வேண்டும். முன்சக்கரம் அடுத்தவரின் பின்சக்கரத்தோடு பக்கவாட்டில் ஒன்றன்மேல் ஒன்று படியக்கூடாது. லேசாக உரசினாலும் பின்னால் வருபவர்தான் விழுவார். குழி, மாடு, பேருந்து எது வந்தாலும் முன்னால் போகிறவர் கைகாட்டி, குரல் கொடுத்துச் சொல்ல வேண்டும். திடீர் பிரேக் கூடாது. கால் வலு இல்லாதவரைவிட இந்தப் பழக்கம் இல்லாதவரால்தான் குழுவுக்கு ஆபத்து.

விலை கூடிய சைக்கிளைத் தேடுவதைவிட இருப்பதைச் சரிசெய்வது மேல். சீட்டில் இருந்து குதிக்காலைப் பெடலில் வைத்தால், பெடல் அடியில் இருக்கையில் முழங்கால் நேராக வேண்டும். சீட் அதைவிடப் பதிந்திருந்தால் இரண்டு மணி நேரத்தில் முழங்கால் முன்புறம் வலிக்கும். டியூப் கழற்றி மாட்டக் குழுவில் எல்லோருக்கும் தெரிந்திருக்க வேண்டும்.

புதியவருக்குப் பன்னிரண்டு வாரப் பயிற்சி போதும். வாரத்தில் மூன்று நாள், சுபஹுத் தொழுகை முடிந்து வெயில் ஏறுமுன். தூரத்தை வாரத்துக்குப் பத்தில் ஒரு பங்குக்கு மேல் கூட்டாமல், நான்காவது வாரம் சற்றுக் குறைத்து ஓட வேண்டும். பல நாள் ஓட்டமானால், அடுத்தடுத்து இரண்டு நாள் நீண்ட தூரம் ஓடிப் பார்ப்பது அவசியம். முதல் நாள் யாரும் ஓடுவார்கள், உடம்பைச் சோதிப்பது இரண்டாம் நாள் காலைதான். கடைசி வாரம் இளைப்பாறல்.

மணிக்கு அரை லீற்றர் தண்ணீராவது தேவை. நிறைய வியர்த்தால் வெறும் தண்ணீர் போதாது. ‘ஜீவனி’ எனும் நீரேற்று உப்புப் பொதி ஒன்றைப் பையில் வைத்துக்கொள்ளலாம். பேரீச்சம்பழமும் வாழைப்பழமும் வழியில் தின்ன ஏற்றவை. நோன்பு மாதத்தில் தூரத்தைக் கூட்டாமல், நோன்பு திறந்த பிறகு சிறிது நேரம் மிதித்தால் போதும்.

மாரி மழை ஒக்டோபரில் தொடங்கி ஜனவரி வரை நீளும். மழை விட்டதும் பயிற்சியைத் தொடங்கும் குழு, கச்சான் வலுக்கும் முன் ஓட்டத்தை முடித்துவிடலாம்.