பீரோக் கதவில் புடைப்புக் கோலம்
மலையூர் ஈரத்திலும் உதிராமல் நிற்கச் செய்யும் வழி

வீட்டிலுள்ள பீரோ, அலமாரி, மேஜை முதலிய சாமான்கள் சித்திர வேலைப்பாட்டுடன் விளங்க வேண்டும் என்ற ஆசை யாருக்குத்தான் இல்லை? ஆனால் தேக்கில் பூவும் கொடியும் செதுக்கச் சொன்னால், கூலியைக் கேட்டதுமே பலர் ஆசையை மூட்டை கட்டி வைத்து விடுகிறார்கள். செதுக்குவது என்பது மரத்தைக் குடைந்து எடுக்கும் வேலை. அதற்கு உளியும் வேண்டும், பல வருஷப் பயிற்சியும் வேண்டும். சேலம் மாவட்டத்துத் தம்மம்பட்டிச் சிற்பிகளின் கைத்திறன் நம் எல்லோருக்கும் வந்து விடாது. ஆனால் மரத்தின் மேல் பசையை ஏற்றி உருவத்தைப் புடைக்கச் செய்யும் வேலை வேறு. கோலம் போடத் தெரிந்த கைகளுக்கு அது எளிதில் பழகி விடும்.

கரடியூரில் என்ன விசேஷம்?

ஏற்காடு வட்டாரத்திலுள்ள கரடியூரும் அதைச் சுற்றிய சேர்வராயன் மலைப்பகுதியும் காப்பித் தோட்டங்களுக்குப் பேர் போனவை. காப்பிச் செடிக்கு நிழலாகவும் மிளகுக் கொடிக்குக் கொழுகொம்பாகவும் அங்கே சில்வர் ஓக் மரங்களை வளர்க்கிறார்கள். ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த மரம் அது. அதன் பலகையில் மேஜை நாற்காலிகளும் செய்வதுண்டு. ஒட்டுப்பலகைக்கும் அது உதவுகிறது. ஒரு எச்சரிக்கை: இந்த மரத்தின் தூள் பட்டால் சிலருக்குத் தோலில் அரிப்பும் தடிப்பும் உண்டாகும். ஆகவே முழுக்கைச் சட்டை அணிந்து இழைப்பது நல்லது.

மரம் கிடைப்பது சௌகரியந்தான். ஆனால் மலையில் வேறொரு சங்கடம் உண்டு. ஏற்காடு கடல் மட்டத்துக்கு மேல் சுமார் 1,500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. மழைக்காலத்தில் மேகம் ஜன்னல் வழியே வீட்டுக்குள் வந்து விடும். அந்த ஈரத்தில் மரம் உப்பும். வெயில் அடித்தால் சுருங்கும். இந்த உப்பலும் சுருங்கலும் மரத்தின் ரேகைக்குக் குறுக்கேதான் அதிகம். நீளவாக்கில் மிகச் சொற்பம். மேலே ஒட்டிய பசையோ உலர்ந்தபின் அசையாது. அடியில் மரம் அசைய, மேலே பசை அசைய மறுக்க, சித்திரம் வெடித்து உதிர்கிறது. "பசை சரியில்லை" என்று பசையைக் குறை கூறுவோர் உண்டு. பெரும்பாலும் குற்றம் பசையுடையதன்று, அடித்தளத்தினுடையது.

தஞ்சாவூர் காட்டும் வழி

இதற்குப் பரிகாரம் நம் நாட்டிலேயே பழைய நாளில் கண்டுபிடித்ததுதான். மராட்டிய மன்னர்கள் காலத்தில் தஞ்சாவூரில் செழித்த ஓவியக் கலையை யாவரும் அறிவர். கிருஷ்ணனின் மாலையும் மண்டபத்தின் தூண்களும் அதில் புடைத்து நிற்கும். அந்த ஓவியர்கள் பலகையின் மேல் நேராகச் சுண்ணப் பொடியைப் பூசுவதில்லை. முதலில் பருத்தித் துணியை ஒட்டுகிறார்கள். அதன் மேல் பொடியும் பசையும் கலந்து பூசி வழவழப்பாகத் தேய்க்கிறார்கள். பிறகுதான் சுக்கான் தூளையும் கோந்தையும் குழைத்துப் புடைப்பு வேலை செய்து, தங்க ரேக்கு ஒட்டுகிறார்கள். மரத்தின் அசைவு சித்திரத்தை நேராகத் தாக்காமல் இடையிலே நின்று தாங்குவது அந்தத் துணிதான். இத்தாலி தேசத்து ஓவியர்களும் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே பலகையில் துணி ஒட்டி, அதன் மேல் வெள்ளைப் பூச்சு பூசினார்கள்.

செய்முறை

பீரோக் கதவின் மேலேயே வேலையைத் தொடங்காமல், மெல்லிய ஒட்டுப்பலகைத் துண்டு ஒன்றில் தொடங்குவது உத்தமம். ஒட்டுப்பலகையில் ரேகைகள் ஒன்றன்மேல் ஒன்று குறுக்காக அமைந்திருப்பதால் அது அதிகம் அசையாது. அதன் இரு பக்கமும் வார்னிஷ் ஒரு பூச்சுக் கொடுங்கள். ஒரு பக்கம் மட்டும் பூசினால் பலகை வளைந்து விடும். உலர்ந்ததும் முன்பக்கத்தை உப்புத்தாளால் லேசாகத் தேய்த்து, பழைய மெல்லிய வேட்டித் துணியைச் சுருக்கமின்றி ஒட்டுங்கள்.

தச்சர்கள் அந்நாளில் வஜ்ஜிரம் காய்ச்சினார்கள். வஜ்ஜிரமும் கோந்தும் ஈரத்தில் இளகும் குணமுடையவை. ஆகையால் மலையூரில் ஃபெவிகால் போன்ற வெள்ளைப் பசையே மேல். ஒரு பங்கு பசைக்குச் சுமார் இரண்டு பங்கு சலித்த சுண்ணக்கட்டித் தூள் சேர்த்து, இட்லி மாவைவிடச் சற்றுக் கெட்டியாகக் குழையுங்கள். மருதாணி இடும் கூம்பு போலப் பிளாஸ்டிக் தாளைச் சுருட்டி, அதில் நிரப்பி, பென்சிலால் வரைந்த கோட்டின் மேல் இழையாகப் பிழியுங்கள். சிக்குக் கோலம், மாங்காய், தாமரை, காப்பிக் கொத்து எல்லாம் இதற்குப் பொருத்தமானவை.

உயரம் வேண்டுமென்று ஒரேயடியாகக் கனமாக ஏற்றக் கூடாது. மெல்லிய இழையாக இட்டு, உலர்ந்தபின் அதன் மேல் மற்றோர் இழை இட வேண்டும். சமவெளியில் ஓர் இரவில் உலர்வது மலையில் இரண்டு மூன்று நாள் பிடிக்கலாம். அடுப்பருகிலோ கடும் வெயிலிலோ வைத்தால் மேல்தோல் முந்தி உலர்ந்து வெடிக்கும். மேகம் விலகியிருக்கும் பிப்ரவரி, மார்ச்சு மாதங்கள் இந்த வேலைக்கு ஏற்றவை. நன்கு உலர்ந்ததும் வர்ணம் பூசி, மேலே வார்னிஷ் கொடுங்கள். அரக்கு பாலீஷ் ஈரத்தில் வெளுத்துப் போகும். மலைக்கு வார்னிஷே சிறந்தது. முடிந்த பலகையைச் சிறு திருகாணிகளால் கதவில் பொருத்துங்கள். திருகாணித் துளைகளைச் சற்றுப் பெரிதாக இட்டால், கதவு உப்பினாலும் பலகை இழுபடாது.

இரண்டு எச்சரிக்கைகள்

பழைய வர்ணம் பூசிய சாமானை உலர்ந்த நிலையில் சுரண்டவே கூடாது. பழைய வர்ணங்கள் பலவற்றில் ஈயம் உண்டு. நம் நாட்டில் வீட்டு வர்ணங்களில் ஈயத்தை 90 பி.பி.எம். அளவுக்குள் கட்டுப்படுத்தும் விதி 2017 நவம்பர் முதல்தான் அமலுக்கு வந்தது. ஈயத் தூசி உள்ளே போனால் குழந்தைகளின் மூளை வளர்ச்சி கெடும். பீரோவின் அழகைவிட வீட்டுக் குழந்தை பெரிதல்லவா? தனிப் பலகையில் செய்து பொருத்தும் முறையில், பழைய வர்ணத்தைச் சுரண்ட வேண்டிய அவசியமே இல்லை. திருகாணித் துளை இடும்போது மட்டும் அந்த இடத்தை நனைத்துக் கொண்டு, உதிரும் தூளை ஈரத் துணியால் துடைத்து எடுத்து விடுங்கள்.

மற்றொன்று: பாட்டனார் காலத்து ஈட்டி மரப் பெட்டியும், கைச்செதுக்குத் தேக்கு அலமாரியும் உங்களிடம் இருந்தால் அவற்றின் மேல் எதையும் ஏற்ற வேண்டாம். துடைத்துப் பாதுகாத்தாலே போதும். வெறுமையாக நிற்கும் ஒட்டுப்பலகை பீரோவுக்கும், விலை மலிந்த சில்வர் ஓக் அலமாரிக்குமே இந்த அலங்காரம் உரியது.

முதலில் ஒரு சாண் அகலப் பலகையில் செய்து, அதைச் சமையலறைச் சுவரில் ஒரு மழைக்காலம் முழுவதும் மாட்டி வையுங்கள். ஐப்பசி, கார்த்திகை ஈரத்தைத் தாங்கி அது வெடிக்காமல் நின்றால், தை பிறந்ததும் தைரியமாகப் பீரோவுக்கான பலகையைத் தொடங்கலாம்.