"லயம்" என்னுஞ் சொல்

சென்ற தவணையில் ஏழாந் தரத்து மாணவரை "லயம்" என்னுஞ் சொல்லைக் கொண்டு வாக்கியம் ஒன்று ஆக்குமாறு பணித்தோம். பலர் இசையையும் தாளத்தையும் பற்றி எழுதினர். தோட்டத்திலிருந்து வரும் மாணவனொருவன், "எங்கள் லயத்தில் 12 குடும்பங்கள் இருக்கின்றன" என்று எழுதினான். நாம் சிவப்பு மையால் அதனை வெட்டினோம். கொப்பியைப் பெற்றுக்கொண்டவன், "சேர், அப்படியானால் எங்கள் வீட்டை என்னவென்று எழுதுவது?" என்றான். மறுமொழி கூற அறியாது நின்ற நாம் அன்றிரவே அகராதிகளைப் புரட்டலானோம்.

மாணவன் எழுதியது வடமொழி லயமன்று. ஆங்கிலத்து "லைன்" என்னுஞ் சொல்லே. இலத்தீன் மொழியில் ஆளிச்செடியின் நாரால் முறுக்கிய இழையைக் குறித்த சொல்லிலிருந்து அது பிறந்தது. இழை கோடாயிற்று, கோடு வரிசையாயிற்று. செய்யுளின் அடி, புகைவண்டிப் பாதை, தொலைபேசித் தொடர்பு, தூண்டிற் கயிறு யாவற்றையும் ஆங்கிலர் அவ்வொரு சொல்லாலேயே வழங்குவர். (நம்மவரும் இழைக்கும் ஏட்டுக்கும் "நூல்" என்னும் ஒரே பெயரை வைத்திருக்கின்றனரன்றோ!)

பிரித்தானியர் ஆண்ட இந்தியாவிலே போர்வீரர் தங்கிய குடில் வரிசைகளுக்கும் அப்பெயர் வழங்கிற்று. டில்லியில் உயர் அதிகாரிகளின் மாளிகைகள் அமைந்த பகுதி இன்றும் "சிவில் லைன்ஸ்" எனப்படுகிறது. அதே சொல் 19 ஆம் நூற்றாண்டில் எமது மலைகளுக்கும் வந்தது. மன்னார்க் கரையில் இறங்கித் தம்புள்ளை வழியே மாத்தளைக்கு நடந்து வந்த தமிழ்த் தொழிலாளருக்காகக் கோப்பித் தோட்டத் துரைமார் ஒரே கூரையின்கீழ் நெடுவரிசையாக அறைகளைக் கட்டுவித்தனர். பத்தடிக்குப் பன்னிரண்டடி அளவான ஓரறையில் ஒரு குடும்பம் வாழ்ந்தது. அவ்வறைக்குக் "காம்பரா" என்று பெயர். அது போர்த்துக்கேயர் தந்த சொல். கோப்பி அழிந்து, தேயிலையும் இறப்பரும் கொக்கோவும் வந்த பின்னரும் லயங்கள் நின்றன.

"லைன்" எவ்வாறு "லயம்" ஆயிற்று? இலக்கணம் கற்றோர்க்கு இது கடினமன்று. ஐகாரம் "அய்" என ஒலிப்பதால் "லயன்" ஆயிற்று. இனி, அறம் அறன் என்றும், நிலம் நிலன் என்றும் மகர ஈறு னகரமாதல் நன்னூலார் கூறிய போலி. இங்கே அது திரும்பி நடந்து, "லயன்" அஃறிணைப் பெயர்க்குரிய "அம்" ஈற்றைப் பெற்றது. எழுத்தறியாதார் எனப் பிறர் எண்ணிய மக்களின் நாவே இதனைச் செய்தது. ஆங்கிலச் சொல்லைத் தமிழாக்கும் முயற்சியிற் கற்றவராகிய நாம் இத்துணைச் செம்மையாக எப்பொழுதேனும் வென்றிருக்கிறோமா என்பது ஐயமே.

மறுநாள் அக்கொப்பியை வாங்கி, வெட்டியதை நீக்கிச் சரியிட்டோம். வகுப்பிற்கும் இவ்வரலாற்றை விளக்கினோம். அப்பொழுது மற்றொரு மாணவன் எழுந்தான். 2015 ஆம் ஆண்டின் பின் 7 பேர்ச்சஸ் காணியுடன் தோட்ட மக்களுக்குக் கட்டப்பட்ட தனிவீடுகளில் ஒன்றிலே அவன் குடும்பம் வாழ்கிறது.

"நாங்கள் புது வீட்டுக்கு வந்துவிட்டோம், சேர். ஆனாலும் அம்மா வேலை முடிந்ததும் 'லயத்துக்குப் போறேன்' என்றுதான் சொல்கிறார். அது பிழையா?"

"அம்மா சொல்வது பிழையன்று. நீ எழுதும்போது 'வீடு' என்று எழுது" என்றோம்.