தெருவுக்கு எண் கொடுத்தது யார்?

திருவண்ணாமலை வ.உ.சி. நகர் பதினோராவது தெரு. 2024 டிசம்பர் 1-ஆம் நாள், ஃபெஞ்சல் புயல் கொட்டிய பேய்மழையில் மலை சரிந்தது. பாறையும் சேறுமாக வந்து ஒரு வீட்டை மூடின. ஏழு பேர் மாண்டனர். அவர்களிலே ஐவர் குழந்தைகள்.

"மலைச்சரிவிலே யார் இவர்களை வீடு கட்டச் சொன்னது?" என்று மறுநாளே கேட்டனர், சரிவிலே குடியிருக்க வேண்டிய தேவை என்றும் வராத பெருமக்கள். நாம் வேறொன்று கேட்கிறோம். பதினோராவது தெரு என்றால் அதற்குமுன் பத்துத் தெருக்கள் எண்ணப்பட்டிருக்கின்றன. எண்ணியவர் யார்? அடிவாரத்து ஏழை தானாகவா தன் தெருவுக்கு எண் போட்டுக்கொண்டான்?

இப்படித்தான் நடக்கிறது தோழர்களே, ஊர் ஊராக! வரி போட வருகிறார்கள், ரசீது தருகிறார்கள். தேர்தலுக்கு முன் குழாய் வருகிறது, விளக்குக் கம்பம் வருகிறது. ரசீதைப் பெட்டியிலே பத்திரமாக வைத்து, வீடு நமதென்று நம்புகிறான் மூட்டை தூக்குபவன். வரி கட்டியதால் கட்டடம் முறையானதாகி விடாது என்று நீதிமன்றம் சொல்லும்போதுதான் அவனுக்கு விளங்குகிறது, அந்த ரசீதின் மதிப்பு!

அதே ஊரிலே இன்னொரு காட்சி. 2023-இல் அண்ணாமலையார் கோயில் ராஜகோபுரத்தின் எதிரே கடை வளாகம் கட்ட முனைந்தது அறநிலையத் துறை. கோபுரம் மறையும் என்று வழக்குத் தொடுத்தனர். உயர்நீதிமன்றம் கேள்வி கேட்டது. திட்டத்தைக் கைவிடுகிறோம் என்று அரசுத் தரப்பு சொல்லிவிட்டது. நல்லதுதான், 217 அடிக் கோபுரத்தை மறைக்கக் கடை எதற்கு? கோயிலுக்குப் போகிறவரும் போகாதவரும் ஒப்புக்கொள்வர். ஆனால், கோபுரத்துக்குக் கிடைத்த விரைவு குடிசைக்குக் கிடைத்ததா? மலை ஆக்கிரமிப்பு பற்றிய வழக்கிலே ஓய்வு பெற்ற நீதிபதி தலைமையில் உயர்நீதிமன்றம் குழு அமைத்தது 2025-இல், குழந்தைகள் மண்ணுக்குள் போன பிறகு!

மன்றங்கள் எடுக்கும் முடிவு மாற்ற முடியாத வேதமல்ல. லக்னோவிலே ஜண்டேவாலா பூங்காவின் அடியிலே கடைவீதி அமைக்க, ஒப்பந்தப்புள்ளி கோராமலே ஒரு கட்டட நிறுவனத்துக்கு இடத்தைத் தூக்கிக் கொடுத்தது அந்நகர் மகாபாலிகா. 1999-இல் உச்சநீதிமன்றம், கட்டியதை அகற்றிப் பூங்காவை மீட்டுக் கொடு என்றது. விடுதலைப் போரிலே கொடி பறந்த இடம் அது. பணமூட்டைக்காரனும் தோற்பான் என்று காட்டிய வழக்கு.

2024 டிசம்பர் 17-இல் மீரட் வழக்கிலே உச்சநீதிமன்றம் இட்ட கட்டளையும் நம் தோழர்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். அனுமதி பெற்ற வரைபடத்தைக் கட்டுமிடத்திலேயே மாட்டி வைக்க வேண்டும். நிறைவுச் சான்று இல்லாமல் மின்சாரமும் தண்ணீரும் தரலாகாது. தவறிய அதிகாரி மீது நடவடிக்கை உண்டு. கடைசி வரிதான் நமக்கு முக்கியம். இதுவரை இடிபட்டது சுவர்தானே. கையெழுத்துப் போட்ட பேனாவை யாராவது கேட்டதுண்டா?

அதே ஆண்டு நவம்பர் 13-இல், இடிக்குமுன் 15 நாள் அறிவிப்புத் தரவேண்டும் என்றது அதே நீதிமன்றம். சரிவிலே இருப்பவர்கள் இதை நம்பி உறங்கிவிட வேண்டாம். சாலை, நீர்நிலை போன்ற பொது இடங்களுக்கும், நீதிமன்றமே இடிக்கச் சொன்ன கட்டடங்களுக்கும் அது பொருந்தாது என்றும் தீர்ப்பிலேயே இருக்கிறது. 1985-இல் பம்பாய் நடைபாதைவாசிகளுக்குப் பிழைப்புரிமையும் வாழ்வுரிமையே என்று சொன்ன தீர்ப்புக்கூட, மழைக்காலம் கழிந்ததும் அகற்றலாம் என்றுதான் முடிந்தது.

சரிவிலே வீடு கூடாதென்பதை நாமும் மறுக்கவில்லை. மலை யாருக்கும் விலக்குத் தராது. நாம் கேட்பது, மாற்று வீட்டின் சாவி முதலில், கடப்பாரை பிறகு. வேலைக்கு நடந்து போகும் தொலைவிலே அந்த வீடு இருக்கட்டும். இருபது கல்லுக்கு அப்பால் கொண்டுபோய் இறக்கிவிட்டால், கூலியிலே பாதி பேருந்துக்கே போய்விடும்.

அதற்குள் வட்டக் கிளைகள் ஒரு வேலை செய்யலாம். எந்த ஆண்டிலே எந்தத் தெருவுக்கு அனுமதி, எந்தத் தீர்மானம், யார் கையொப்பம் என்று தகவல் உரிமைச் சட்டப்படி எழுதிக் கேளுங்கள். முப்பது நாளிலே பதில் தந்தாக வேண்டும். பத்து ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்ட மறக்காதீர்கள். மனுவின் நகல் ஒன்று கிளையிலே இருக்கட்டும்.