திண்ணையிலிருந்து லண்டனுக்குப் போன பாடமுறை

சென்னை பூந்தமல்லி நெடுஞ்சாலையில் கீழ்ப்பாக்கத்தில் இருக்கும் செயின்ட் ஜார்ஜ் ஆங்கிலோ இந்தியப் பள்ளியின் வரலாறு 1715இல் தொடங்குகிறது. கோட்டைக்குள் இருக்கும் புனித மேரி ஆலயத்தின் பாதிரியார் வில்லியம் ஸ்டீவன்சன், ஏழைப் பிள்ளைகளுக்காக அதைத் தர்மப் பள்ளியாக நிறுவினார். மேற்கத்திய முறைப் பள்ளிகளில் ஆசியாவிலேயே மிகப் பழமையானவற்றுள் ஒன்று இது.

ஆனால் பழமையைவிடப் பெரிய பெருமை ஒன்று இந்தப் பள்ளி மரபுக்கு உண்டு. கம்பெனிப் படைவீரர்களின் ஆதரவற்ற மகன்களுக்காக எழும்பூரில் சிறுவர் இல்லம் ஒன்று திறக்கப்பட்டது. பழைய தர்மப் பள்ளியும் பிற்பாடு அதோடு சேர்ந்தது. 1789இல் அந்த இல்லத்தின் பொறுப்பை ஏற்றவர் ஸ்காட்லாந்துக்காரரான பாதிரியார் ஆண்ட்ரூ பெல். ஒருநாள் காலை குதிரையில் போகையில், உள்ளூர்ப் பள்ளிக்கூடம் ஒன்றில் பிள்ளைகள் மணலைப் பரப்பி விரலால் எழுதுவதை அவர் பார்த்தார். அதையே தம் இல்லத்திலும் செய்யச் சொன்னபோது உதவி ஆசிரியர்கள் மறுத்துவிட்டார்கள். பெல் விடவில்லை. ஜான் ஃபிரிஸ்கன் என்ற எட்டு வயதுச் சிறுவனிடம் எழுத்து வகுப்பை ஒப்படைத்தார். அவன் நன்றாகவே நடத்திக் காட்டினான். விரைவில் வகுப்புக்கு வகுப்பு மாணவர்களே மாணவர்களுக்குக் கற்பித்தார்கள்.

நம் திண்ணைப் பள்ளிகளில் சட்டாம்பிள்ளை காலங்காலமாகச் செய்துவந்த வேலைதான் அது. பெல் தாயகம் திரும்பி 1797இல் லண்டனில் தம் அனுபவத்தை நூலாக வெளியிட்டார். 'மதராஸ் முறை' என்ற பெயர் பரவியது. 1811இல் இங்கிலாந்துத் திருச்சபையினர் அமைத்த தேசியக் கழகம் ஏழைகளுக்கான தன் பள்ளிகளில் அதைக் கைக்கொண்டது. பெல் 1832இல் மறைந்தார். அவர் விட்டுச்சென்ற பணத்தில் செயின்ட் ஆண்ட்ரூஸ் நகரில் எழுந்த பள்ளிக்கு இன்றும் மதராஸ் கல்லூரி என்றே பெயர்.

எழும்பூர்ச் சிறுவர்கள் வேறு துறைகளிலும் கால் பதித்தார்கள். 1794இல் தொடங்கிய நில அளவைப் பள்ளி, அதாவது இன்றைய கிண்டி பொறியியல் கல்லூரியின் வித்து, தன் முதல் மாணவர்களை இந்த இல்லத்திலிருந்தே எடுத்தது. அச்சுத் தொழில் பழகியவர்களும் உண்டு.

படைவீரர் பிள்ளைகளுக்கான பிரிவு 1871இல் ஊட்டி லவ்டேலுக்குப் போயிற்று. எஞ்சிய இல்லம் 1904இல் கீழ்ப்பாக்கம் வந்தது. 1954இல் செயின்ட் ஜார்ஜ் என்ற பெயரைப் பெற்றது. கல்வி வரலாற்று நூல்கள் பெல்லின் பெயரை மறப்பதில்லை. அவருக்கு வழிகாட்டிய திண்ணைப் பள்ளிக்கும் அதே பக்கத்தில் இடம் தர வேண்டும்.