வால் வீசும் காரும் வளைய மறுக்கும் காரும்

கார் பந்தய வீடியோ கேம் ஆடுகிறவர்களிடையே ஒரு பழைய வழக்கு உண்டு. வளைவில் ஸ்டீயரிங்கை எவ்வளவு ஒடித்தாலும் திரும்பாமல் வெளிப்பக்கமாகத் தள்ளிக்கொண்டு போகும் கார் மேலா, தேவைக்கு மேல் திரும்பி வாலை வீசும் கார் மேலா? முன்னதற்கு அண்டர்ஸ்டியர் என்று பெயர். முன்டயர்கள் முதலில் பிடிப்பை இழக்கின்றன. பின்னதற்கு ஓவர்ஸ்டியர், அங்கே முதலில் வழுக்குவது பின்டயர்கள். வழக்கின் தீர்ப்பு பெரும்பாலும் ஒரே பக்கம்தான் சாயும்: அண்டர்ஸ்டியர் கற்றுக்குட்டிகளுக்கு, ஓவர்ஸ்டியர் கைதேர்ந்தவர்களுக்கு. இதில் எனக்கு உடன்பாடில்லை. திரைக்கு முன்னால் உட்கார்ந்து ஓட்டும்போது எந்தக் கார் ஒத்துவரும் என்பதைத் துணிச்சல் தீர்மானிப்பதில்லை. கார் என்ன செய்கிறது என்ற சேதி எந்த வழியாக, எவ்வளவு சீக்கிரம் கைக்கு வந்து சேர்கிறது என்பதுதான் தீர்மானிக்கிறது.

நிஜச் சாலையில் இந்த வழக்கு எப்போதோ முடிந்துவிட்டது. ஷோரூமில் வாங்கும் கார்களில் அநேகமாக எல்லாமே, பிடிப்பு தீரும் எல்லையில், வேண்டுமென்றே அண்டர்ஸ்டியர் பக்கம் சாய்த்து வடிவமைக்கப்பட்டவை. காரணம் மனித சுபாவம். பயந்துபோனவர் ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுப்பார். எடுத்ததும் காரின் எடை முன்பக்கம் சாயும், முன்டயர்கள் தரையில் அழுந்தும், வேகமும் குறையும், கார் மறுபடி சொன்ன பேச்சைக் கேட்கும். பின்பக்கம் வழுக்கத் தொடங்கிய காரில் அதே செயல் ஆபத்து. ஏற்கெனவே பிடிப்பில்லாத பின்டயர்கள் மேலிருந்து இன்னும் எடை நீங்கி, கார் சுழன்றே விடும். 1998-இல் வந்த முதல் தலைமுறை ஆடி டிடி காருக்கு, ஜெர்மனியின் அதிவேகச் சாலைகளில் நடந்த விபத்துகளுக்குப் பிறகு, பின்புறச் சிறகும் மின்னணு நிலைப்படுத்தியும் சேர்க்க வேண்டிவந்தது இதனால்தான்.

கேமில் உயிர்ப்பயம் கிடையாது, அதனால் இந்த நியாயம் அங்கே எடுபடாது என்று சொல்லலாம். பயம் இல்லாதது உண்மைதான். ஆனால் பயத்தோடு சேர்ந்து இன்னொன்றும் காணாமல் போய்விடுகிறது: உடம்பு. நிஜக் காரில் பின்பக்கம் விலகும் கணத்தை ஓட்டுநர் கண்ணால் அறிவதற்கு முன் இடுப்பால் அறிகிறார். உட்காதில் உள்ள அரைவட்டக் குழல்கள் உடல் சுழல்வதை உணர்கின்றன. வீட்டு நாற்காலி அசையாது. திரையில் காட்சி பக்கவாட்டில் நகர்வதைக் கண்டுபிடித்துத்தான் எதிர்ப்பக்கம் ஸ்டீயரிங்கைத் திருப்ப வேண்டும். நொடிக்கு 60 காட்சிச் சட்டங்கள் (ஃப்ரேம்கள்) ஓடும் கேமில் ஒரு சட்டத்துக்கே சுமார் 17 மில்லிநொடி ஆகிறது. டிவியில் தாமதத்தைக் குறைக்கும் ‘கேம் மோட்’ போடாவிட்டால் அதன் மேல் இன்னும் பல பத்து மில்லிநொடிகள் ஏறும். சேதி கிடைக்கும்போது வால் பாதி தூரம் போயிருக்கும்.

அண்டர்ஸ்டியர் விஷயத்தில் நிலைமை நேர்மாறு. மோட்டார் வைத்த கேமிங் ஸ்டீயரிங் கைக்குத் தருவது பெரும்பாலும் முன்டயர்களின் சேதியைத்தான். வளைவில் திருப்பத் திருப்ப ஸ்டீயரிங் கனக்கும். டயர் தன்னைத்தானே நேராக்கிக்கொள்ள முயலும் விசை அது. அந்த விசை உச்சிக்குப் போய் இறங்கத் தொடங்குவது, டயரின் பிடிப்பு உச்சிக்குப் போவதற்குச் சற்று முன்னதாக. அதாவது முன்டயர் வழுக்கப் போகிறது என்பதை, வழுக்குவதற்கு முன்பே, திடீரென்று லேசாகிவிடும் ஸ்டீயரிங் சொல்லிவிடுகிறது. வால் வீசும்போதும் ஸ்டீயரிங் தானாகவே எதிர்ப்பக்கம் சுழல முயலும். ஆனால் பல்சக்கரம் வைத்த விலை குறைந்த கருவிகளில் அந்தச் சுழற்சி மந்தமாகவும் தாமதமாகவும்தான் வரும். ஸ்டீயரிங்கை மோட்டார் தண்டிலேயே நேராகப் பொருத்திய கருவிகளுக்கு மாறியவர்கள் தளர்ந்த வாலைப் பிடிக்கத் தொடங்குவதற்கு இதுவே பாதிக் காரணம்.

கேம்பேடில் ஆடுகிறவர்கள் கதை வேறு. கட்டைவிரலுக்குக் கீழே இருக்கும் அந்தக் குட்டிக் குச்சி ஒரு பக்கமாக ஒரு சென்டிமீட்டர் நகர்ந்தாலே அதிகம். 900 டிகிரி சுழலும் ஸ்டீயரிங்கின் வேலையை அதில் செய்ய முடியாது என்பதால், கேமே நடுவில் புகுந்து, வேகத்துக்கு ஏற்றபடி திருப்பத்தைக் குறைத்தும் மெதுவாக்கியும் டயருக்குக் கொடுக்கிறது. முன்டயரை அளவுக்கு மீறி ஒடிக்கும் தவறு இதனால் பாதி மறைந்துவிடும். வால் வீசும்போது சட்டென்று எதிர்ப்பக்கம் திருப்ப வேண்டிய வேகமும் அதே வடிகட்டலில் சிக்கிக்கொள்வதுதான் சிக்கல். கிரான் டூரிஸ்மோ 7 எதிர்த்திருப்பத்துக்குத் தனியாக ஓர் உதவி வசதியே வைத்திருக்கிறது.

அப்படியானால் ட்ரிஃப்ட் அடிப்பதில், அதாவது வேண்டுமென்றே வாலை வீசி வளைவைக் கடப்பதில், லட்சக்கணக்கானவர்கள் சொக்கிப்போவது எப்படி? 1993-இல் நாம்கோ வெளியிட்ட ரிட்ஜ் ரேஸரையும் மரியோ கார்ட்டையும் எடுத்துக்கொள்ளுங்கள். அங்கே வழுக்கல் என்பது டயர் பிடிப்பை இழந்த நிலை அல்ல, கேம் வளைவைச் சுற்றிக் கைப்பிடித்துக் கூட்டிப்போகும் ஒரு நிலை. மரியோ கார்ட் அதற்குப் பரிசாக வேகமும் தருகிறது. ஓவர்ஸ்டியரின் அழகை வைத்துக்கொண்டு ஆபத்தைக் கழற்றிவிட்ட புத்திசாலித்தனம் அது. கேலி செய்ய எனக்கு மனமில்லை. ஆனால் அதை ரசிப்பவர் நிஜ ஓட்டத்தைப் பின்பற்றும் அசெட்டோ கோர்ஸா போன்ற கேமிலும் வால் தளர்ந்த காரைத்தான் விரும்ப வேண்டும் என்பது பொருந்தாத முடிவு.

வலுவான ஆட்சேபம் மேக்ஸ் வெர்ஸ்டாப்பன். ஃபார்முலா ஒன் சாம்பியன் பட்டம் வென்றவரான அவர், ஐரேஸிங் என்ற ஆன்லைன் பந்தய கேமிலும் தீவிரமாகப் போட்டியிடுகிறவர். ரெட் புல் அணியில் அவரோடு ஓட்டிய அலெக்ஸ் ஆல்பன், அவருக்குப் பிடித்த காரை, உணர்திறனை உச்சத்தில் வைத்த கணினி மவுஸுக்கு ஒப்பிட்டிருக்கிறார். வேகமானவர்களுக்கு ஓவர்ஸ்டியர்தான் வேண்டும் என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டுமா? ஆனால் அவர் தேடுவது சொன்னவுடன் கடித்துத் திரும்பும் முன்பக்கத்தை. தளர்ந்த பின்பக்கம் அதற்கு அவர் கொடுக்கும் விலை, அவரால் கொடுக்க முடிகிற விலை. பின்பக்கம் பதற்றமில்லாமல் இருந்தால் மட்டுமே முழுத் திறமையும் வெளிப்படும் ஜென்சன் பட்டனும் 2009-இல் உலக சாம்பியன் ஆனார்.

இந்த விலையைத் தவணையிலும் கட்டலாம். கிரான் டூரிஸ்மோவில் ஓடும்போதே பிரேக் விசையை முன்னோ பின்னோ ஐந்து படிகள்வரை நகர்த்தலாம். சற்றுப் பின்னால் தள்ளிவிட்டு, வளைவுக்குள் நுழையும்போது பிரேக்கை முழுதாக விடாமல் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்தினால், வேண்டிய அந்த அரை நொடிக்கு மட்டும் வால் இளகிக் கார் திரும்பும். காலை எடுத்ததும் பழைய அமைதிக்கு வந்துவிடும். வளைவின் நடுவிலும் வெளியேறும்போதும் அடக்கமாக இருக்கும் கார், நுழையும்போது மட்டும் நம் பாதத்துக்குக் கட்டுப்பட்டுச் சுழலும் கார்: பெரும்பாலான ஆட்டக்காரர்களுக்கு இதைவிட நல்ல அமைப்பு இல்லை என்பது என் கணிப்பு.

ஒரே ஒரு சுற்றின் நேரத்துக்காக ஓட்டுபவருக்கு இது பொருந்தாமல் போகலாம். அவர் இருபது முறை சுழன்று இருபத்தோராவது முறை சாதித்தால் போதும். பந்தயத்தில் அந்தச் சலுகை இல்லை: சுமார் 20.8 கிலோமீட்டர் நீளமும் எழுபதுக்கு மேற்பட்ட வளைவுகளும் கொண்ட நூர்பர்க்ரிங் நார்ட்ஷ்லைஃபே பந்தயத் தடத்தில், ஒவ்வொரு வளைவிலும் சிறுகச் சிறுகச் சேர்த்த நேரம் ஒரே சுழலில் போய்விடும். ஆனால் நீண்ட பந்தயத்தில் அண்டர்ஸ்டியர் காருக்கும் ஒரு கணக்கு காத்திருக்கிறது. இழுத்து இழுத்துத் திருப்பப்படும் முன்டயர்கள் பின்டயர்களுக்கு முன்பே தேய்கின்றன. தேயத் தேய கார் இன்னும் வளைய மறுக்கும். அனுபவசாலிகள் சிலர் முதல் சில சுற்றுகளில் வால் லேசாகத் தளர்ந்த காரைச் சகித்துக்கொண்டு தொடங்குவது, பந்தயத்தின் பிற்பாதியில் முன்டயர்கள் தேய்ந்தபின் அதே கார் நடுநிலைக்கு வந்து நிற்கும் என்று கணக்குப் போட்டுத்தான்.