கொட்டகையில் தூங்கும் கான்டசா! எடைக்குப் போடலாமா?

நெல்லை:

"அண்ணாச்சி, வண்டி இனி ஓடாது. டயரு நாலும் போச்சு. எடைக்குப் போட்டா என்ன வருமோ அதுதாம் வெல. சரின்னு சொல்லுங்க, சாயங்காலமே டெம்போ கொண்டாறேன்."

இது பழைய இரும்பு வியாபாரி.

"ஏல, ஒங்கப்பா ஆச ஆசையா வாங்குன காருல. அதப் போயி எடைக்கா போடப் போற?"

இது வீட்டு அம்மா.

"நீ சும்மா இரும்மா. எலி குடும்பம் நடத்துது அதுல. எடத்த அடைச்சுக்கிட்டு நிக்கதுக்கு வந்த வெலைக்குத் தள்ளுவோம்."

இது மகன்.

எந்த வீடு என்று கேட்க வேண்டாம். பாளையங்கோட்டை, பேட்டை, மேலப்பாளையம், அம்பாசமுத்திரம் என்று எங்கே பழைய கார் செட்டு இருக்கிறதோ அங்கெல்லாம் நடக்கக்கூடிய பேச்சுதான். அவசரத்தில் "சரி" என்று சொல்லி விட்டால் பணமும் போகும், சில சமயம் வம்பும் வந்து சேரும்!

வில்லன் கார்

கான்டசா என்றால் 40 வயதைத் தாண்டியவர்களுக்கு விளக்கம் தேவை இல்லை. நீண்ட மூக்கு, அகன்ற உடம்பு. சினிமாவில் வில்லன் வந்து இறங்க ஏற்ற கார்!

மேற்கு வங்காளம் உத்தரபாராவில் அம்பாசிடரைச் செய்த அதே இந்துஸ்தான் மோட்டார்ஸ்தான் இதையும் செய்தது. 1984ல் வெளியே வந்தது. 2002ல் நின்று போனது. இங்கிலாந்தின் வாக்சால் விக்டர் காரைப் பார்த்து வார்த்த உடம்பு அது.

முதலில் வந்த வண்டிகளில் உடம்பு பெரிது, எஞ்சின் சிறிது. அம்பாசிடர் வம்சத்து 1.5 லிட்டர் எஞ்சினை வைத்து ஓட்டினார்கள். பிறகு ஜப்பானின் இசுசு கம்பெனியின் 1.8 லிட்டர் பெட்ரோல் எஞ்சினும் 5 கியரும் வந்தன. அதன் பிறகுதான் வண்டி பறந்தது. டீசலும் வந்தது.

அமெரிக்காவில் பெரிய எஞ்சினைப் போட்டு உறுமவிட்ட கார்களை "மசில் கார்" என்பார்கள். அந்தச் சாயல் இருப்பதால் கான்டசாவை "இந்திய மசில் கார்" என்று இன்றைய இளவட்டங்கள் கொண்டாடுகிறார்கள். விலை கேட்டு வருகிறவர்களும் அவர்கள்தான்.

5 ஆயிரமா? 80 கோடியா?

பழைய காரின் விலை ஆளுக்கு ஒன்றாக இருக்கும்.

மறைந்த முதல்வர் ஜெயலலிதா 2016 தேர்தலில் வேட்பு மனுவுடன் கொடுத்த சொத்துக் கணக்கில் 1990-ம் வருட கான்டசா ஒன்றும் இருந்தது. அதற்குப் போட்ட மதிப்பு 5 ஆயிரம் ரூபாய். 1980-ம் வருட அம்பாசிடருக்கு 10 ஆயிரம். கணக்குப் புத்தகத்தில் கார் வருசா வருசம் தேயும். அதனால்தான் அந்தத் தொகை.

இன்சூரன்சிலும் அதே கதை. 5 வருசம் ஆனால் விலை பாதி. அதற்கு மேல் கம்பெனியும் சொந்தக்காரரும் பேசி முடிக்க வேண்டியதுதான்.

ஆனால் 2017ல் என்ன நடந்தது? அம்பாசிடர் என்ற பெயரை மட்டும் பிரான்சு நாட்டு பியூஜோ கம்பெனி வாங்கியது. காரை அல்ல, பெயரை! விலை 80 கோடி ரூபாய்.

ஏட்டில் உள்ள விலை வேறு, ஆசைக்கு உள்ள விலை வேறு என்பதற்கு இதுவே சாட்சி.

அமெரிக்காவில் நடந்தது

இன்னொரு சாட்சி அமெரிக்காவில் உள்ளது. ஸ்டீவ் மெக்குயின் 1968ல் "புல்லிட்" என்ற படத்தில் ஓட்டிய மஸ்டாங் காரை 1974ல் ஒரு குடும்பம் சுமார் 6 ஆயிரம் டாலருக்கு வாங்கியது. சில வருசம் ஓடிய பிறகு கார் முடங்கியது. பல வருசம் அப்படியே கிடந்தது.

2020 ஜனவரியில் புளோரிடாவில் ஏலம் விட்டார்கள். கமிஷனோடு சேர்த்து 37 லட்சத்து 40 ஆயிரம் டாலர்! அன்றைய ரூபாய் கணக்கில் 26 கோடிக்கு மேல்.

ஏலத்துக்கு வந்தபோதும் அதில் கீறல் இருந்தது, துரு இருந்தது. பளபளவென்று பெயின்ட் அடிக்கவில்லை. ஆனால் சேசிஸ் நம்பர் சரியாக இருந்தது. "காரைத் திருப்பித் தருவீர்களா?" என்று அந்த நடிகரே 1977ல் எழுதிய கடிதமும் இருந்தது.

நம்ம ஊர் கான்டசாவுக்கு இந்த விலை கனவிலும் வராது. ஆனால் பாடம் ஒன்றுதான். பளபளப்பு விலை பேசாது. தகடும் பேப்பரும்தான் விலை பேசும்.

சாவியைப் போடாதீர்கள்!

வாங்க ஆள் வருகிறது என்றதும் புது பேட்டரி மாட்டி "ஸ்டார்ட் ஆகுதா பாப்போம்" என்று சாவியைத் திருகுகிறார்கள். இதுதான் முதல் தப்பு.

வருசக் கணக்கில் டேங்கில் கிடந்த பெட்ரோல் பிசின் மாதிரி ஆகியிருக்கும். சிலிண்டருக்குள் பிஸ்டன் ரிங்கு ஒட்டியிருக்கும். எலி கடித்த ஒயரில் கரண்ட் பாய்ந்தால் தீப்பிடிக்கவும் கூடும். பிளக்கைக் கழற்றி, உள்ளே எண்ணெய் விட்டு ஊற வைத்து, எஞ்சினைக் கையால் சுற்றிப் பார்க்க வேண்டும். சுற்றினால் நல்ல சேதி. விலை ஏறும்.

பிரேக்கு பிடித்துக்கொண்டிருப்பதும் டயர் சப்பையாகி வெடித்திருப்பதும் சகஜம். அது மாற்றிப் போடுகிற செலவு. அதற்காகக் காரே போச்சு என்று சொன்னால் நம்ப வேண்டாம்.

பயப்பட வேண்டியது துருவுக்குத்தான். கான்டசாவுக்கு லாரி மாதிரி தனி சேசிஸ் கிடையாது. உடம்பே சேசிஸ். கதவுக்குக் கீழே ஓடும் தகடும் தரையும் அரித்துப் போயிருந்தால் முதுகெலும்பு முறிந்த மாதிரி.

ஒரு சின்ன காந்தத்தைத் துணியில் சுற்றித் தகட்டில் வைத்தாலே குட்டு வெளிப்படும். ஒட்டினால் தகடு. வழுக்கினால் உள்ளே பட்டி!

வெள்ளம் வந்த வீடா?

தாமிரபரணிக் கரையில் கார் வாங்குகிறவர் கட்டாயம் கேட்க வேண்டிய கேள்வி இது.

1992 நவம்பரில் ஒரு வெள்ளம். 2023 டிசம்பர் 17, 18-ல் இன்னொன்று. அப்போது காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 சென்டி மீட்டர் மழை கொட்டியது. குறுக்குத்துறை முருகன் கோயில் முங்கியது. சிந்துபூந்துறை, மீனாட்சிபுரம், ஜங்சன் பக்கமெல்லாம் தண்ணீர் புகுந்தது.

கொட்டகையில் நின்ற கார் தண்ணீரில் நின்றிருந்தால் எஞ்சினுக்குள்ளும் கியர் பாக்சுக்குள்ளும் சேறு போயிருக்கலாம். சீட்டைத் தூக்கி, தரை விரிப்பைக் கிழித்து, வண்டல் இருக்கிறதா என்று பார்த்தால் உண்மை தெரிந்துவிடும். விற்பவர் மறைக்காமல் சொல்லிவிடுவது நல்லது.

ஆர்.சி. புக் எங்கே?

அடுத்தது பீரோவைத் திறக்க வேண்டும். ஆர்.சி. புக், பழைய இன்சூரன்ஸ், வாங்கிய பில், சர்வீஸ் ரசீது எல்லாம் சேர்த்து எடுத்து வைக்க வேண்டும். புக்கில் உள்ள சேசிஸ் நம்பரும் எஞ்சின் நம்பரும் வண்டியில் உள்ளதும் ஒன்றா என்று பார்க்க வேண்டும்.

சொந்தக்காரர் இறந்திருந்தால், வாரிசுகள் 31-ம் நம்பர் பாரத்தில் எழுதிக் கொடுத்துப் பெயர் மாற்ற வேண்டும். 3 மாதத்துக்குள் செய்ய வேண்டிய காரியத்தை 10 வருசம் ஆகியும் செய்யாதவர்கள் உண்டு. கடனில் வாங்கி, கடனை அடைத்தும் எச்.பி.யை நீக்காமல் விட்டிருந்தால் 35-ம் நம்பர் பாரம் வேண்டும்.

சொந்தக் காருக்குப் பதிவு 15 வருசம்தான். பிறகு 5 வருசத்துக்கு ஒரு தடவை புதுப்பிக்க வேண்டும். 2022ல் அந்தக் கட்டணம் 600 ரூபாயில் இருந்து 5 ஆயிரமானது. 20 வருசம் தாண்டிய காருக்கு 2025ல் 10 ஆயிரமாக உயர்ந்தது. தாமதக் கட்டணம் வேறு. பசுமை வரி வேறு.

"பழங்கால வண்டி" என்று சலுகை கேட்கலாமா? முடியாது. 2021 விதிப்படி 50 வயது ஆன வண்டிக்குத்தான் வி.ஏ. என்ற தனி நம்பர். முதல் கான்டசாவுக்கே 2034ல்தான் 50 வயது!

கூட்டிக் கழித்துப் பார்

விலை போடும் முறை ஒன்றுதான். அதே மாடல், அதே எஞ்சின், நன்றாக ஓடுகிற கார் என்ன விலைக்குப் போனது என்று விசாரிக்க வேண்டும். சொன்ன விலை அல்ல, கைமாறிய விலை. அதிலிருந்து நம் காரை அந்த நிலைக்குக் கொண்டுவர ஆகும் செலவைக் கழிக்க வேண்டும்.

உதாரணத்துக்கு, ஓடுகிற கார் 5 லட்சம் என்று வைத்துக்கொள்வோம். டிங்கரிங், பெயின்டுக்கு ஒன்றரை லட்சம். எஞ்சின், பிரேக்குக்கு 80 ஆயிரம். டயர், பேட்டரிக்கு 40 ஆயிரம். சீட்டு, ரப்பருக்கு 50 ஆயிரம். பேப்பருக்கு 20 ஆயிரம். ஆக 3 லட்சத்து 40 ஆயிரம். மீதி ஒரு லட்சத்து 60 ஆயிரம். வாங்குகிறவர் துணிச்சலுக்குக் கொஞ்சம் கழித்தால் அதுவே விலை.

(இது கணக்குக்காகப் போட்ட தொகை. மார்க்கெட் விலை அல்ல.)

முன் கண்ணாடி, கிரில், விளக்கு, குரோம் பட்டை எல்லாம் சேதம் இல்லாமல் இருந்தால் விட்டுக்கொடுக்க வேண்டாம். கம்பெனி நின்று போன காருக்குச் சாமான் கிடைப்பதுதான் கஷ்டம். கழித்தால் ஒன்றும் மிஞ்சவில்லை என்றாலும் சாமானுக்கு ஆள் உண்டு.

போலீஸ் வரும்!

"எதுக்கு இத்தன தொந்தரவு? எடைக்கே போட்டிருவோம்" என்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை.

உடைக்கக் கொடுத்தாலும் ஆர்.டி.ஓ. ஆபீசில் 14 நாளில் சொல்லிப் பதிவை ரத்து செய்ய வேண்டும். அரசு அனுமதி பெற்ற இடத்தில் கொடுத்துச் சான்று வாங்க வேண்டும். இல்லாவிட்டால் உங்கள் சேசிஸ் நம்பர் திருட்டுக் கார் ஒன்றில் ஏறினாலும் ஏறும். விபத்து நடந்தால் நோட்டீஸ் உங்கள் வீட்டுக்குத்தான் வரும். பதிவில் யார் பெயரோ அவரே சொந்தக்காரர் என்று 2018ல் சுப்ரீம் கோர்ட்டே சொல்லிவிட்டது.

ஆகவே டெம்போவை நாளைக்கு வரச் சொல்லுங்கள். இன்றைக்குக் காந்தத்தையும் ஆர்.சி. புக்கையும் தேடுங்கள். வேறு விலை வராது என்று தெரிந்த பிறகு எடைக்குப் போடலாம். உடைத்த காரைத் திரும்ப ஒட்ட வைக்க முடியாது!