காலை நீட்ட ஒரு மனு

ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில் ஏறினால் லண்டனில்தான் இறக்கம். நடுவில் எங்கும் நிற்காமல் ஏறக்குறைய 17 மணி நேரம்! 2018-ல் குவாண்டாஸ் கம்பெனி இதைத் தொடங்கியபோது, விமானத்தில் சாதாரண வகுப்பு ஆசனம் 166. காலை நீட்டிப் படுக்கும் பிஸினஸ் வகுப்போ 42தான். நடுத்தரமாக ஒரு 28.

அடிக்கடி பறக்கிறவர் கணக்கில் கம்பெனி 'பாயிண்ட்' வரவு வைக்கிறது. 1981-ல் அமெரிக்கன் ஏர்லைன்ஸ் பிரபலமாக்கிய வழக்கம். அதைக் கொடுத்து மேல் வகுப்பு கேட்கலாம். கேட்கலாம், அவ்வளவுதான், நேயர்களே! ஆசனம் மிஞ்சினால்தான் உண்டு.

மிஞ்சியது யாருக்கு? முதலில் கேட்டவருக்கா, முழங்கால் வலிக்காரருக்கா? இரண்டும் இல்லை. பிளாட்டினம், தங்கம், வெள்ளி, வெண்கலம் என்று அட்டையின் அந்தஸ்துப்படிதான் முன்னுரிமை. ஆபீஸ் செலவில் மாதாமாதம் பறப்பவர் முன்னே. பேரன் முகம் பார்க்கச் சொந்தக் காசில் எப்போதோ கிளம்பும் பாட்டி பின்னே. வியாபாரத்துக்கு இது சரி. பாட்டியின் முழங்காலுக்குத்தான் சரியில்லை.

பதிலும் பெரும்பாலும் புறப்படும் நாளை ஒட்டியே வரும். ஆகவே, மனுவைப் போட்ட கையோடு சாதாரண வகுப்பில் நடைவழியோர ஆசனம் ஒன்றையும் பிடித்து வையுங்கள். ராத்திரி எழுந்து நாலு அடி நடக்கவாவது வழியிருக்கும்.